மார்கழியில் இரவு ஒன்றரைக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

கேத்தி பிக்கப் | மார்கழி 3, பகல் 2:10

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் லோடு அடிக்கும் பிக்கப் ஓட்டுகிறேன். இது எனக்கு ஐந்தாவது குளிர்காலம்.

வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கேரட்டைப் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் பிடுங்குவார்கள். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஆட்கள் தோட்டத்தில் இறங்குவார்கள். பிடுங்கியதை மூட்டை கட்டி, கழுவும் மிஷினுக்குக் கொண்டுபோய், சேறு போகக் கழுவி, மறுபடி ஏற்றி, விடியும்போது மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்க வேண்டும். அங்கிருந்துதான் சென்னைக்கும் கேரளாவுக்கும் போகிறது. மண்டியில் ஏலம் முடிந்த பிறகு போய் நின்றால் அன்றைய விலை போச்சு.

நான் ஒன்றரைக்கு எழுகிறேன். நவம்பர் வரை நீர்ப்பனிதான், துடைத்தால் போய்விடும். இப்போது உறைபனி. முன்கண்ணாடியில் உப்பைக் கொட்டி ஒட்டவைத்ததுபோல் இருக்கும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும், ஒரு தடவை பட்டிருக்கிறேன். அதனால் ராத்திரியே சாக்கு போட்டு மூடிவிடுவேன். அப்படியும் என்ஜின் இரண்டு மூன்று தடவை முனகிய பிறகுதான் பிடிக்கும்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். எழுந்தேன், ஒரு காலில் சாக்ஸ் போட்டேன். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் இல்லை. வீட்டில் சண்டை இல்லை. யார் மேலும் கோபமும் இல்லை. அந்த இன்னொரு சாக்ஸைப் போட முடியவில்லை, அவ்வளவுதான். அப்புறம் அம்மா எழுந்து சமையல்கட்டில் லைட் போட்டார். அந்த வெளிச்சம் கதவுக்குக் கீழே வந்ததும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இப்படி வேலைக்குப் போகிறவர்கள் வருஷக்கணக்கில் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்? அதைத்தான் கேட்க வந்தேன்.

நிலக்கோட்டை மல்லி | மார்கழி 3, மாலை 4:35

தம்பி, உங்கள் சாக்ஸ் எனக்குப் புரிகிறது. எனக்கு அது தலைத்துண்டு. அதைக் கட்டிவிட்டால் கால் தானாகத் தோட்டத்துக்குப் போய்விடும். கட்டுகிற வரைக்கும்தான் பாடு.

நாங்கள் பூ எடுக்கிறவர்கள். மொட்டு விரிவதற்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் இருட்டிலேயே போகிறோம். மார்கழியில் செடி முழுக்கப் பனித்தண்ணீர். முதல் வரிசை முடிவதற்குள் சேலை முழங்கால் வரை நனைந்துவிடும். விரல் மரத்துப்போனால் மொட்டும் காம்பும் பிரித்துத் தெரியாது, இலையோடு வந்துவிடும்.

வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கார்த்திகைக் கடைசியில் மல்லிகையைக் கவாத்து பண்ணிவிடுவார்கள், அதாவது கிளையை வெட்டிவிடுவார்கள். பங்குனி, சித்திரையில்தான் செடி பூவாகக் கொட்டும். இந்த மாதத்தில் கவாத்து பண்ணாத செடியில்கூடப் பனியால் மொட்டு சிறுத்துப்போகும். பூ இல்லாததால் பொங்கலை ஒட்டி விலை எங்கேயோ போகும். டிவியில் காட்டுவார்கள், மல்லி விலை உச்சம் என்று. எங்களுக்குக் கூலி எடை கணக்கு. நாலு மணி நேரம் குனிந்து எடுத்தாலும் தட்டில் அடி மறையாது. விலை ஏறிக் கிடக்கும் மாதத்தில்தான் பூ எடுக்கிறவள் கை காலியாக இருக்கும்.

எப்படித் தாக்குப்பிடிக்கிறோம் என்று கேட்டீர்கள். நானும் எதிர்வீட்டு அக்காவும் சேர்ந்துதான் போவோம். மூன்றரைக்கு அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து இருமுவார். கூப்பிடமாட்டார், இருமுவார். வயசானவர் பனியில் உட்கார்ந்திருக்கிறாரே என்று எழுந்துவிடுவேன். பதினொரு வருஷமாக இப்படித்தான்.

நேர்பேச்சு | மார்கழி 3, இரவு 8:02

இரண்டு பேரையும் மதித்துத்தான் எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படிப் பேச்சு எழும்போதெல்லாம் கொஞ்ச நேரத்தில் "விடாமுயற்சி", "உழைப்பே உயர்வு" என்று நாலு பேர் வருவார்கள். எனக்கு அந்தப் பாராட்டில் நம்பிக்கை இல்லை. என் அப்பா இருபத்தெட்டு வருஷம் விடியற்காலை மூன்று மணிக்கு மில்லுக்குப் போனார். ஊரே அவரைப் பாராட்டியது. கடைசிப் பத்து வருஷம் அவர் நெஞ்சில் சளியோடுதான் படுத்தார். பாராட்டிய ஒருவரும் அந்த மூன்று மணியை நாலு மணியாக்க வாய் திறக்கவில்லை.

கேத்தி தம்பி, நீங்கள் தாங்க முடியாமல் உட்கார்ந்தது மனபலம் குறைந்ததால் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் அந்தக் குளிரில் யார் உடம்பும் மறுக்கத்தான் செய்யும்.

கேத்தி பிக்கப் | மார்கழி 3, இரவு 8:40

அண்ணா, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நாளைக்கும் ஒன்றரைக்கு எழ வேண்டும். அதனால்தான் கேட்டேன். இப்போது படுக்கப் போகிறேன்.

இரவுப் பணி செவிலி | மார்கழி 4, காலை 9:15

கோவையில் அரசு மருத்துவமனை ஒன்றில் பதினாறு வருஷமாகச் செவிலியாக இருக்கிறேன். இப்போதுதான் இரவுப் பணி முடித்து வந்தேன். முதலில் உடம்பைப் பற்றி நாலு விஷயம்.

நம் உடம்புச் சூடு இரவில் குறைந்துகொண்டே வந்து விடியலுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு அடிமட்டத்தைத் தொடும். தூக்கம் அழுத்துவதும் அந்த நேரத்தில்தான். இது சோம்பல் இல்லை, உடம்புக்குள் ஓடும் கடிகாரம். அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இரண்டிலிருந்து ஐந்து மணி வரை சாலையில் இருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கண்ணைத் திறந்துகொண்டே இரண்டு மூன்று விநாடி தூங்கிவிடுவோம். நமக்கே தெரியாது. மலைப்பாதையில் மூன்று விநாடி என்றால் ஒரு வளைவு.

டீ குடித்ததும் தெம்பு வந்ததுபோல் தோன்றும், ஆனால் அது வேலை செய்ய இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதனால் லோடு ஏற்றும்போதே டீயைக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் சீட்டில் சாய்ந்து தூங்குங்கள். எழும்போது டீ வேலையைத் தொடங்கியிருக்கும். நாங்கள் வார்டில் முறை வைத்து இப்படித்தான் செய்கிறோம்.

விரல் மரத்துப்போனால் நேரே நெருப்பில் காட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாத தோல் சுட்டாலும் தெரியாது. அக்குளில் வையுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீர். கேரட் கழுவுகிறவர்கள் ரப்பர் கையுறைக்கு உள்ளே ஒரு நூல் கையுறை போட்டுக்கொண்டால் நல்லது. உள்ளே ஈரமானால் உடனே மாற்ற வேண்டும், ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து எல்லோருக்கும் சொல்லுங்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள்ளோ வண்டிக்குள்ளோ வைத்துக் குளிர் காயாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை வலிக்கிறதே என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மலையில் குளிர்காலத்தில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தேயிலைக்காரி மகள் | மார்கழி 4, மாலை 5:20

கோத்தகிரிப் பக்கம். என் அம்மா கொழுந்து பறித்தவர். தாத்தா குடும்பம் 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் வனத்துறை இங்கே தேயிலை போட ஆரம்பித்து, பிறகு 1976இல் அதை டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகமாக்கினார்கள்.

உறைபனியைப் பற்றிக் கேத்தி அண்ணனுக்குத் தெரியாததில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மேகம் இருக்கும் இரவில் உறைபனி விழாது. வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்து காற்றும் அசையாமல் நின்றால்தான் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம் என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் மேட்டைவிடத் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்கள் வெளுத்துக் கிடக்கின்றன. தெர்மாமீட்டர் மூன்று டிகிரி காட்டும், புல் நுனி உறைந்திருக்கும். கேத்தியும் பள்ளம்தான். ராத்திரி நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் மறுநாள் இன்னொரு சட்டை சேர்த்துப் போட வேண்டும் என்று அம்மா சொல்வார். வானிலை அறிக்கையைவிட அது சரியாக இருக்கும்.

பனி பட்ட தேயிலை வெயில் ஏறியதும் கருகிவிடும். தண்ணீர் வசதி இருப்பவர்கள் சூரியன் வருவதற்குள் தெளித்துவிடுவார்கள். நாற்றங்காலைக் காய்ந்த பெரணியால் மூடிவைப்பார்கள். கருகியது கருகியதுதான், அடுத்த கொழுந்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அம்மா வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. இன்றும் ஐந்து மணிக்கு எழுந்து, போக இடமில்லாமல், சன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தூங்கும்மா என்றால் கேட்பதில்லை. அவரைப் பார்க்கும்போது, அந்த வேலை அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதைக் கொடுத்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நாள்காட்டி | மார்கழி 5, காலை 7:30

இருட்டைப் பற்றி ஒரு தகவல். தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. டிசம்பர் 21தான் மிகக் குறுகிய பகல் என்று படித்திருக்கிறோம். அதோடு விடியல் சீக்கிரமாகத் தொடங்கும் என்று நினைப்போம். நம் ஊரில் அப்படி இல்லை. சூரிய உதயம் ஜனவரி மூன்றாம், நான்காம் வாரம் வரை பின்னுக்குத்தான் போகும். சென்னையில் டிசம்பர் 21 அன்று சுமார் 6:26, ஜனவரி 20 வாக்கில் சுமார் 6:35. நீலகிரி மேற்கே இருப்பதால் அங்கே இன்னும் பத்து நிமிஷம் தள்ளி. பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததும் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை இது.

பொழுது நீள்வது மாலையில்தான் முதலில் தெரியும். நவம்பர் கடைசியிலேயே சூரியன் மறையும் நேரம் பின்னால் போக ஆரம்பித்துவிடும். காலையில் வேலைக்குப் போகிறவனுக்கு மட்டும் தை பிறந்தும் இருட்டு குறையாது. நான் பேப்பர் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், தை வந்தும் ஏன் இப்படி இருக்கிறது, எனக்குத்தான் முடியவில்லையோ என்று நினைத்திருக்கிறேன். கணக்கு தெரிந்த பிறகுதான் மனம் ஆறியது. பிப்ரவரி பாதி வரை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் கேத்தி.

ஸ்கார்பரோ | மார்கழி 5, காலை 10:05

டொரன்டோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே இன்னும் இரவு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், வெயிலில் வளர்ந்த உடம்பு.

இங்கே டிசம்பரில் ஏழே முக்காலுக்குத்தான் சூரியன் வரும், ஐந்து மணிக்குள் போய்விடும். கிடங்கில் வேலை. இருட்டில் உள்ளே போய் இருட்டில் வெளியே வருகிறோம், வாரம் முழுக்க வெயிலைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சப்வே பிந்தித்தான் தொடங்கும். ஆறு மணி ஷிப்டுக்கு இரவு பஸ்ஸில் இரண்டு மாறிப் போக வேண்டும். மைனஸ் இருபதில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மூக்குக்குள் மயிர் உறைவது தெரியும்.

முதல் வருஷம் எனக்கு நடந்ததும் இதேதான், சாக்ஸுக்குப் பதில் பூட்ஸ் கயிறு. அந்த நிறுத்தத்தில் பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர் தினமும் நிற்பார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. தலையை மட்டும் ஆட்டுவோம். ஒருநாள் நான் வரவில்லை. மறுநாள் அவர் என்னைப் பார்த்ததும் கையை விரித்து, எங்கே போனாய் என்பதுபோல் கேட்டார். ஊரை விட்டு வந்து எட்டு மாதத்தில் என்னைத் தேடிய முதல் ஆள் அவர். அதற்குப் பிறகு நான் அந்த பஸ்ஸைத் தவறவிட்டதில்லை.

நிலக்கோட்டை அக்கா எழுதிய இருமலைப் படித்தபோது அந்தப் பெண்தான் ஞாபகம் வந்தார்.

நுவரெலியா லயம் | மார்கழி 5, மாலை 6:45

தேயிலைக்காரி மகளுக்கு வணக்கம். உங்கள் தாத்தா விட்டுப்போன பக்கம்தான் நான். நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம்.

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் துகள்பனி கொட்டும். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் இல்லை. பனியில் கொழுந்து கருகினால் நிறை வராது, நிறை வராவிட்டால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். பனி விழுந்தது தொழிலாளியின் குற்றமா? அம்மாவும் நானும் இதைப் பேசாத வருஷம் இல்லை. நேர்பேச்சு சொன்னதை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன். தாங்குகிறார்கள் என்பதாலேயே இன்னும் கொஞ்சம் ஏற்றிவைக்கிறார்கள்.

ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேணும். பிரட்டுக்குப் போகும் பாதையில் அம்மாவும் கூட்டாளிமாரும் அப்படிக் கதைத்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். அந்தக் கால் மணி நேரம் அவர்களுடையது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நேர்பேச்சு | மார்கழி 5, இரவு 9:10

நுவரெலியா நண்பருக்கு நன்றி. அந்தக் கால் மணி நேரத்தை நானும் மறுக்கவில்லை. அப்பாவுக்கும் மில் வாசல் டீக்கடை இருந்தது. அங்கே அவர் இருந்த மாதிரி வீட்டில் இருந்ததே இல்லை.

கேத்தி தம்பி, உங்களிடம் நேராக ஒன்று கேட்கிறேன். அந்த ஒன்றரை மணியை யார் முடிவு செய்தது? ஏலம் எத்தனை மணிக்கு? அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

கேத்தி பிக்கப் | மார்கழி 6, பகல் 3:00

அண்ணா, நேற்று ராத்திரி உங்கள் கேள்வியோடுதான் வண்டி ஓட்டினேன்.

எங்கள் மண்டியில் ஏலம் ஏழரைக்கு மேல்தான். மலை இறங்க, குன்னூர் வழியாக லோடோடு இரண்டு மணி நேரம் போதும். கழுவும் இடத்தில் ஒன்றரை மணி நேரம். நான் மூன்றே காலுக்குத் தோட்டத்தில் இருந்தாலே சரியாகப் போய்விடும். இரண்டே காலுக்கு ஏன் போகிறேன் என்றால், கழுவும் மிஷினுக்கு வரிசை. முதலில் வருகிறவனுக்கு முதலில். அதனால் ஒருவன் பத்து நிமிஷம் முன்னால் வந்தான், அடுத்தவன் அதற்கும் முன்னால். ஐந்து வருஷத்தில் ஒரு மணி நேரம் இப்படியே தேய்ந்திருக்கிறது. எந்த முதலாளியும் உத்தரவு போடவில்லை. நாங்களே ஒருவரை ஒருவர் எழுப்பிவிட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இறக்கத்தில் பர்லியார் தாண்டியதும் குளிர் சட்டென்று விடும். ஸ்வெட்டரைக் கழற்றி சீட்டில் போடுவேன். கல்லாறு வரும்போது கண்ணாடியை இறக்கினால் பாக்குத்தோப்பு வாசனை வரும். இரண்டாயிரம் மீட்டரிலிருந்து கீழே வந்து, உடம்பு ஒவ்வொரு வளைவிலும் இளகும். அந்த அரை மணி நேரத்துக்காகவே இந்த வேலை எனக்குப் பிடிக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. விடலாமா என்று யோசித்தபோதெல்லாம் அதுதான் நிறுத்தியது.

நிலக்கோட்டை மல்லி | மார்கழி 6, மாலை 5:50

அப்போ வரிசைக்கு டோக்கன் போடுங்கள் தம்பி. எங்கள் ஊர்ப் பொதுக்குழாயில் குடத்துக்கு அப்படித்தான் பண்ணினோம். முதல் நாள் சாயந்திரமே யாருக்கு என்ன நேரம் என்று எழுதிவிட்டால் எவரும் எவரையும் முந்த வேண்டாம். வாரம் ஒருமுறை வரிசையைச் சுற்றி மாற்றுங்கள், இல்லாவிட்டால் கடைசி ஆள் சண்டைக்கு வருவார்.

இரவுப் பணி செவிலி | மார்கழி 6, இரவு 7:05

அந்த ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்குமானால் நான் சொன்ன டீ யோசனை எல்லாம் அதற்குப் பிறகுதான். செய்து பாருங்கள்.

கேத்தி பிக்கப் | தை 6, பகல் 1:30

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பொங்கல் வரை லோடு ஓயவில்லை.

டோக்கன் விஷயம் உடனே நடக்கவில்லை. பதினோரு வண்டியில் நாலு பேர்தான் முதலில் ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள், நீங்கள் தூங்குங்கள், நாங்கள் முந்திக்கொள்கிறோம் என்றார்கள். மிஷின்காரரிடம் போய் நாலு பேரும் பேசினோம். அவருக்கும் தூக்கம் வேண்டுமே. இனிமேல் மூன்று மணிக்கு முன்னால் மிஷின் ஓடாது என்று அவரே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ஒருவர் மட்டும் இன்னும் வரவில்லை, அவர் வேறு இடத்தில் கழுவிக்கொள்கிறார். வரிசை நோட்டு டீக்கடையில் தொங்குகிறது. திங்கள்தோறும் சுற்றுகிறது.

கேரட் பிடுங்குகிறவர்களும் இப்போது முக்கால் மணி நேரம் தள்ளித்தான் இறங்குகிறார்கள். கையுறையைப் பற்றிச் செவிலி அக்கா சொன்னதைக் காட்டினேன். நூல் கையுறை எல்லோரும் வாங்கிவிட்டார்கள், ரப்பர் கையுறைக்குத் தோட்டக்காரரிடம் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. கூலியைப் பற்றி நேர்பேச்சு அண்ணன் நினைப்பது எனக்குத் தெரியும். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நான் இப்போது இரண்டே முக்காலுக்கு எழுகிறேன். நாள்காட்டி சொன்னது சரி, விடியல் இன்னும் தள்ளித்தான் போகிறது. குன்னூர் தாண்டியும் ஹெட்லைட் அணைக்க முடியவில்லை. அம்மாவிடம் இனி சீக்கிரம் எழ வேண்டாம், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்றேன். சரி என்றார். ஆனால் பழைய நேரத்துக்கே சமையல்கட்டில் லைட் எரிகிறது. எனக்கு முழிப்பு வந்தாலும் படுத்தபடியே அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.